கண்டவர் சொல்லும்வரை

கார்ஸ்கில்,
லூன் ஆற்றங்கரை.
25 அக்டோபர் 1994

அன்புள்ள தம்பி ரோலண்டுக்கு,

நான் நலம். மூட்டுவலி மட்டும் அக்டோபர் பிறந்ததும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீயும் பாலினும் நலமா? அவள் முழங்காலுக்கு மருத்துவர் என்ன சொன்னார்?

இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. காலண்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. போன வாரம் ஒரு காலை சமையலறை ஜன்னலைத் திறந்தேன். தலைக்கு மேலே ஒரே கூச்சல். நார்வேயிலிருந்து கடல் தாண்டி வருகிற பூங்குருவிகள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் வேலிப் புதரில் ஒரு சிவப்புப் பழம் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் நோராவும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போனோம். மருந்துக்கடை நோரா கேப்ஸ்டிக்கை மறந்திருக்க மாட்டாய். நீ கடைசியாக வந்தபோது உன் ஷூவைப் பார்த்து, "இது ஆத்தங்கரைக்குப் போட்டது மாதிரி தெரியலையே, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாளே, அவள்தான். குளிர்காலம் முழுக்க மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்கு விட்ட ஆற்றுப் பகுதியை நடந்து எண்ணுகிறோம். அவள் எண்ணுவாள், நான் எழுதுவேன். இந்த முறை புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். லங்காஸ்டரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கிக்காரர், ஹேடாக் என்று பெயர். கேள்வி கேட்கும் முன் வகுப்பில் போலக் கையைத் தூக்குகிற மனிதர். கிளுவை வாத்துக் கூட்டத்தை நோரா பாதி எண்ணியிருக்கும்போது தும்மிவிட்டார். அத்தனையும் எழுந்து பறந்துவிட்டன.

"ஐயா, அடுத்த தும்மல லங்காஸ்டருக்குப் போய்த் தும்மிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்" என்றாள் நோரா. அவர் உண்மையிலேயே மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும்போது நோரா என்னைப் பின்னுக்கு இழுத்தாள். "வியாழக்கிழமை விடியறப்ப வா. சத்தம் போடாத பூட்ஸா பாத்துப் போட்டுக்கோ. ஹேடாக்கிட்ட மூச்சு விடாதே." என்ன விஷயம் என்று கேட்பதற்குள் முன்னால் நடந்துவிட்டாள்.

பாலினுக்கு என் அன்பைச் சொல். கம்பளிகளை இப்போதே எடுத்துக் காற்றாட விடு.

அன்புடன்,
அக்கா மார்ஜரி


கில்ஃபோர்ட்,
சர்ரே.
1 நவம்பர் 1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். பாலினின் முழங்கால் இன்னும் முரண்டு பிடிக்கிறது. உன் மூட்டுவலிக்கு நோராவிடம் ஏதாவது களிம்பு வாங்கித் தடவு. அவளே எதிரில் வந்தால் வலி பயந்து ஓடிவிடும்.

உன் கடிதம் காலைத் தபாலில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, சொல்? எதிர்வீட்டுக் காரும், அதைக் கழுவுகிற எதிர்வீட்டுக்காரரும். உன் கடிதத்தில் ஒரு ஆறே ஓடுகிறது.

ஒரு வேண்டுகோள். இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு எழுது. சுருக்காமல் எழுது. ஒரு பறவை வந்தது என்று மட்டும் எழுதாதே. எந்தக் கல்லில் உட்கார்ந்தது, வெளிச்சம் எப்படி விழுந்தது, உன் விரல் விறைத்ததா, எல்லாம் வேண்டும்.

அலுவலகம் பற்றிக் கேட்பாய். அது இருக்கிறது.

வியாழக்கிழமை என்ன ஆயிற்று?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ரோலண்ட்


கார்ஸ்கில்,
13 நவம்பர் 1994

அன்புள்ள தம்பி,

நான் நலம். களிம்பு வாங்கினேன். நீ எழுதியதை நோராவிடம் சொன்னேன். "தெக்கே போயும் உன் தம்பி வாய் மட்டும் வடக்கத்தியாவே இருக்கு" என்றாள். தனி அஞ்சலில் பார்க்கின் அனுப்பியிருக்கிறேன். இஞ்சி தூக்கலாகப் போட்ட கேக் உனக்குப் பிடிக்குமே. டப்பாவில் மூன்று நாள் ஊறவிட்டுப் பிறகு சாப்பிடு.

வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதுகிற நீ, என் கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன் திடீரென்று கை தூக்கிக் கேள்வி கேட்டால் ஆசிரியைக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

வியாழக்கிழமை கதைக்கு வருகிறேன். விடியுமுன் நோராவின் காரில் போனோம். புல் முழுக்க உறைபனி. மிதித்தால் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது என்று ஆட்டுத் தடத்திலேயே நடத்திக் கூட்டிப்போனாள். கரையில் ஒரு தட்டைக் கல். அதன் மேல் கறுப்பாக, மீன்முள் கலந்த எச்சம். நோரா முழங்காலிட்டு முகர்ந்தாள். "முகந்து பாருடி. கூச்சப்படாதே, உன் வீட்டுக் கேக்கவிட நல்லாத்தான் இருக்கும்." முகர்ந்தேன். மீன் நாற்றத்துக்கு அடியில் மல்லிகை போட்ட தேயிலையின் வாசனை வந்தது.

நீர்நாய், ரோலண்ட். நம் ஆற்றில்.

நான் பாடம் நடத்திய காலம் முழுக்க நீர்நாயைப் படத்தில்தான் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அதை டைனோசர் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். வயலுக்குப் போட்ட விஷமும் வேட்டையும் சேர்ந்து அதை இந்த ஆற்றிலிருந்து துடைத்துவிட்டிருந்தன. அன்று அது என் கண் எதிரே நீரிலிருந்து தலையைத் தூக்கி, ஒரு விலாங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை பிஸ்கட் கடிப்பதுபோலக் கடித்தது. பிறகு கரையோர வேருக்குள் நுழைந்தது. உள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம். குட்டிகள். நான் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, அழுகிறேனா குளிரில் கண்ணீர் வருகிறதா என்று தெரியாமல் நின்றேன்.

இதை உனக்கு எழுதுவதே தப்பு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் கண்டதை இன்னொருவருக்குக் காட்டினால், கண்டவர் சொல்லும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் இல்லையா, அதுபோல. செடிக்குத் தண்ணீர் விடலாம். விருந்தாளியைக் கூட்டிவரக் கூடாது. வழக்கம் வீம்புக்காக வந்ததல்ல. ஆள் நடமாட்டம் கண்டால் தாய் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். மாறும் வழியில்தான் குட்டிகள் சாகும். தவிர, கீழ்ப்பக்கத்து மீன்பண்ணைக்காரருக்கு நீர்நாய் என்றாலே ஆகாது.

நீ இவ்வளவு தொலைவில் இருக்கிறாய் என்பதால் எழுதினேன். உன்னோடு நிற்கட்டும்.

பாலினுக்கு அன்பு. இரவில் காலைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அக்கா மார்ஜரி


கில்ஃபோர்ட்,
22 நவம்பர் 1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். பார்க்கினை மூன்று நாள் ஊறவிடவில்லை. மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உன் உடம்பு எப்படி?

உன் கடிதத்தைப் பாலினுக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை. என் வாய்க்குப் பூட்டு. ஆனால் எனக்கு ஒரு குறை. விலாங்கு தெரிகிறது, கல் தெரிகிறது, இடம் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஆறு, அக்கா. கண்ணை மூடினால் ஒவ்வொரு வளைவும் வருகிறது. அந்த வேர் எந்த வளைவில் இருக்கிறது? என்ன மரம்? அது தெரிந்தால் இங்கே உட்கார்ந்தபடியே தினமும் உன்னோடு அந்தக் கரையில் நிற்பேன். என்னிடம் சொன்னால் யாரிடம் போகப்போகிறது, எதிர்வீட்டுக் கார் கழுவுகிறவரிடமா?

எனக்கு இந்த மாதம் உன் கடிதங்களைத் தவிர நல்லதாக ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

குளிரில் அதிகம் நிற்காதே.

உன் தம்பி,
ரோலண்ட்


கார்ஸ்கில்,
4 டிசம்பர் 1994

அன்புள்ள தம்பி,

நான் நலம். லேசான இருமல், அவ்வளவுதான். உனக்கு என்ன? நல்லதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டாயே. உனக்கும் பாலினுக்கும் இடையில் ஏதாவதா? உடம்புக்கா? சொல்ல மனம் வரும்போது சொல். நான் அவசரப்படுத்தவில்லை. திக்கிப் படிக்கிற பிள்ளையை அவசரப்படுத்தினால் இன்னும் திக்கும்.

நீ கேட்டதை மூன்று நாள் யோசித்தேன். நோராவிடம் அனுமதி கேட்கலாமா என்றும் நினைத்தேன். கேட்டால் அவள் மாட்டேன் என்பாள்; அதனால் கேட்கவில்லை. நீ அங்கே தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

ஊருக்கு மேலே, பழைய ரயில் பாலத்தைத் தாண்டி, ஆறு வலது பக்கம் திரும்புகிற இடம். இடது கரையில் ஒரு சிக்கமோர் மரம் தண்ணீரின் மேல் படுத்தாற்போல் சாய்ந்திருக்கும். அதன் வேருக்குள்தான் வளை. இப்போது நிற்கிறாயா, தெரிகிறதா?

குட்டிகள் இரண்டு. நேற்று வெளியே வந்தன. தாய் ஒன்றைக் கழுத்தில் கவ்வித் தண்ணீரில் போட்டது. அது மூழ்கத் தெரியாமல் தக்கை மாதிரி மிதந்துகொண்டு கத்தியது. நீச்சலைப் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வருகிற பிராணி என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது தவறு. அதற்கும் யாராவது பிடித்துத் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது. இன்னொன்று தாயின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. நோரா சிரிப்பை அடக்க என் தோளைக் கடித்தாள்.

இன்னொரு அதிசயம். மரத்தடியில் ஒரு மெர்கான்சர் வாத்து இருந்தது. குளிர்காலத்தில் அது கடலோரம் இருக்க வேண்டியது. அதற்கு உறவுக்கார வாத்தான கூஸாண்டர்தான் ஆற்றில் இருக்கும். நோரா அப்போது ஃப்ளாஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. காற்றில் கண் நீர் வழிய நான்தான் பார்த்தேன். கலைந்த கொண்டை, மெல்லிய அலகு.

கிறிஸ்துமஸுக்கு இருவரும் வாருங்களேன். விருந்தறையில் தீ மூட்டி வைக்கிறேன். உன்னோடு விடியலில் போய் நிற்க வேண்டும். நோராவை அதற்குள் சம்மதிக்க வைத்துவிடுவேன்.

உடம்பைக் கவனி.

அன்புடன்,
அக்கா மார்ஜரி


கில்ஃபோர்ட்,
20 டிசம்பர் 1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் இருமல் நின்றதா?

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. பாலினால் இவ்வளவு நேரம் காரில் உட்கார முடியாது. எனக்கும் கொஞ்சம் வேலை வந்திருக்கிறது. தட்டச்சில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். புதிய இயந்திரம், பழகிக்கொண்டிருக்கிறேன்.

வாழ்த்து அட்டையோடு உனக்கு ஒரு ஜோடி கையுறை அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஆட்டுமயிர் வைத்தது. விரல் விறைக்காமல் எழுதலாம்.

தொடர்ந்து எழுது. ஜனவரியில் ஆறு எப்படி இருக்கும் என்று எழுது.

இருவரின் அன்பும்,
ரோலண்ட்


கார்ஸ்கில்,
22 ஜனவரி 1995

அன்புள்ள தம்பி,

நான் சுமாராக இருக்கிறேன். இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. பாலின் எப்படி இருக்கிறாள்? கையுறை அளவெடுத்தாற்போல் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த ஜனவரியைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

பத்து நாளாக யார் யாரோ வருகிறார்கள். முதலில் ஒரு கார் பாலத்தருகே நின்றது. மறுநாள் நான்கு. கை நீளத்துக்குக் கேமரா வைத்திருந்த ஒருவர் சிக்கமோர் மரத்தின் மேலேயே ஏறி நின்றிருந்தார். நான் போய், "ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்கலாமே, உள்ள குட்டிங்க இருக்கு" என்றேன். "தெரியும்மா, அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றார். மரியாதையான மனிதர். எனக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் நாயோடு வந்தது. நாய் வேருக்குள் தலையை விட்டுக் குரைத்தது. அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அது வரவில்லை. அதற்குப் பிறகு தாயைக் காணவில்லை. கல்லின் மேல் எச்சமும் இல்லை.

நோரா கொதித்துப்போயிருக்கிறாள். அவள் சந்தேகம் ஹேடாக் மேல். அவர் எங்களைத் தொடர்ந்து வந்து பார்த்திருக்க வேண்டும் என்கிறாள். கணக்கெடுப்பு அன்று எல்லார் முன்னாலும் அவரிடம் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்குத் தும்மல் மட்டுந்தான் அடக்க முடியலைன்னு நெனச்சேன். வாயும் அப்படித்தானா?"

அவர் கையைத் தூக்கினார். பேச அனுமதி கேட்டார். நோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தன் தொலைநோக்கியை உறையில் போட்டு, எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி வர மாட்டார்.

நான் அவளிடம், "நான் ஒருத்தியும் இருக்கேனே, என்னை ஏன் கேக்கலை?" என்றேன்.

"போடி, உன்னைப் போய் யாராவது கேப்பாங்களா?" என்றாள்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. யார் சொல்லியிருப்பார்கள், ரோலண்ட்? ஹேடாக் என்று என்னால் நம்ப முடியவில்லை. நீ எப்போதும் நிதானமாக யோசிக்கிறவன். உனக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
அக்கா மார்ஜரி


கில்ஃபோர்ட்,
31 ஜனவரி 1995

அன்புள்ள அக்கா,

நெஞ்சில் இறங்கிய இருமலை அலட்சியம் செய்யாதே. மருத்துவரிடம் போ. பாலின் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் தோட்டம் வரை நடக்கிறாள்.

நீ எழுதியது வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்த விஷயங்கள் எப்படியோ வெளியே போய்விடுகின்றன. யாரோ நோராவின் காரைப் பார்த்திருக்கலாம். அந்த வங்கிக்காரரையும் முழுக்க நம்புவதற்கில்லை. ரொம்பப் பணிவாக இருக்கிறவர்களை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீர்நாய்கள் புத்திசாலிகள், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

பனி விழுந்ததா?

உன் தம்பி,
ரோலண்ட்


கார்ஸ்கில்,
19 பிப்ரவரி 1995

அன்புள்ள ரோலண்ட்,

இருமல் குறைந்திருக்கிறது. பாலின் நடக்கிறாள் என்பது நல்ல செய்தி.

இந்த மாதம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

முதல் வாரம் ஒரு காலை நோரா கடையைத் திறக்கவில்லை. நான் பின்வாசல் வழியாகப் போனேன். மேசையின் மேல் அவள் கழுத்துத் துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தாள். குட்டிகளில் ஒன்று. தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேட்டுச் சாலையைக் கடந்திருக்கிறது. கார் ஏறிவிட்டது. உடம்பில் காயமே தெரியவில்லை. பாதத்தில் விரல்களுக்கு நடுவிலுள்ள தோல் குழந்தையின் காது மாதிரி மெல்லிசாக இருந்தது. இது முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த குட்டியா, மற்றதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

நோரா அழவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தாள். யாரோ வாடிக்கையாளர் நாற்காலியில் விட்டுப்போன பளபளப்பான மாதப் பத்திரிகை.

"படி. ஹேடாக்கோட கைவேலை. எட்வின் ஆஷ்னு பேரு வச்சுக்கிட்டு எழுதியிருக்காரு. சும்மா சொல்லக் கூடாது, அழகா எழுதுறாரு மனுஷன். அதான் வயித்தெரிச்சல்."

வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. விடியலில் ஒருவர் ஆற்றங்கரையில் நிற்கிறார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டிருக்கிறார். எச்சத்தை முகர்கிறார், மல்லிகைத் தேயிலை மணக்கிறது. நீர்நாய் விலாங்கை இரண்டு கையால் பிடித்திருக்கிறது. பழைய ரயில் பாலத்தைத் தாண்டி, சாய்ந்த சிக்கமோர். அருகே குளிர்காலத்தைக் கழிக்கிற ஒரு அபூர்வ மெர்கான்சர்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ என்று எழுதினால் இருவரும் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருவரும் பெர்கன் என்று எழுதினால், ஒருவன் எட்டிப் பார்த்திருக்கிறான். சரியான விடையைக் கொண்டு யாரையும் பிடிக்க முடியாது. தப்பான விடைதான் காட்டிக்கொடுக்கும்.

அது மெர்கான்சர் இல்லை, ரோலண்ட். அடுத்த வாரமே அதை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். சாதாரணக் கூஸாண்டர், இளசு, கொண்டை காற்றில் கலைந்திருந்தது. இத்தனை வருடம் பறவை பார்த்தவள் செய்யக்கூடாத பிழை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. கணக்குத் தாளில் சரியாகவே எழுதினேன். இந்த உலகத்தில் அந்த மெர்கான்சர் ஒரே இடத்தில்தான் இருந்தது. உனக்கு நான் எழுதிய கடிதத்தில்.

நீ அந்தக் கட்டுரையில் என்னை எடுத்துவிட்டு நீ நின்றிருந்தாய். அதையும் பொறுத்திருப்பேன். அவை வெறும் வார்த்தைகள், என்னிடம் இன்னும் இருக்கின்றன. ஆனால் யார் சொல்லியிருப்பார்கள் என்று உன்னிடமே கேட்டேனே. நீ ஹேடாக்கைச் சொன்னாய். அவரை நீ பார்த்ததுகூட இல்லை.

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனேன். நோரா எனக்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஹேடாக் இல்ல, நோரா. எட்வின் ஆஷ் என் தம்பி" என்றேன்.

அவள் புட்டியின் மூடியைத் திருகி முடித்தாள்.

"அவன் கேட்டானா, நீயாச் சொன்னியா?"

"கேட்டான். சொன்னேன்."

"மரம் வரைக்கும்?"

"மரம் வரைக்கும்."

"எப்ப?"

"டிசம்பர்ல. அவன் அங்க தனியா..."

"சரி."

அவ்வளவுதான் கேட்டாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். நோரா திட்டாத ஆள் இந்த ஊரில் கிடையாது, பாதிரியாரையே திட்டுவாள். அவள் புட்டியில் சீட்டை ஒட்டி, கவுண்டரின் மேல் என் பக்கமாக நகர்த்தினாள்.

"இது காலைல ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்குங்க, மிஸ் தார்ன்பர். குலுக்கிட்டுக் குடிக்கணும்."

பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு ஹேடாக் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். போன ஞாயிறு கணக்கெடுப்பில் அவரும் அவளும் மேல்பகுதிக்குப் போனார்கள். எனக்குக் கீழ்ப்பகுதி, மீன்பண்ணைப் பக்கம். நானே எண்ணி, நானே எழுதினேன்.

தாயும் மிச்சமிருக்கிற குட்டியும் எங்கேயோ இருக்கின்றன. நோராவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் காரை இப்போது வேறொரு இடத்தில் நிறுத்துகிறாள். ஒரு நாள் அந்தப் பக்கம் நடந்து போனபோது காரைக் கண்டேன். பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன். காட்டாததைப் பார்க்கக் கூடாது.

ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது.

மார்ஜரி


கில்ஃபோர்ட்,
27 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா,

உன் இருமல் குறைந்தது நிம்மதி. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

செப்டம்பரில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாலினுக்கே நவம்பர் வரை தெரியாது. தினமும் டை கட்டிக்கொண்டு ரயில் நிலையம் வரை போய், பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, அவள் உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கிளம்பிய பிறகு திரும்பி வருவேன். அப்படி வந்த ஒரு காலையில்தான் உன் அக்டோபர் கடிதம் வந்தது. பழைய நண்பன் ஒருவன் பத்திரிகையில் இருக்கிறான். வேடிக்கையாக ஒரு பக்கம் எழுதிக் காட்டினேன். இன்னும் கேட்டான். இத்தனை வருடத்தில் நான் செய்ததை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல நினைத்தேன். மரத்தையும் பாலத்தையும் எடுத்துவிடத்தான் இருந்தேன்; அவை இல்லாமல் அந்தப் பக்கம் உயிரில்லாமல் இருந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அக்கா. நான் பொய்யாக ஒன்றும் எழுதவும் இல்லை. ஒவ்வொரு வரியும் உன்னுடையது.

ஹேடாக்கைப் பற்றி எழுதியது தவறுதான். பதறிப்போய் எழுதினேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், இதற்குப் பிறகு மறைத்து வைப்பதில் என்ன இருக்கிறது? வாசகர்கள் குட்டிகளைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு குட்டி இறந்துவிட்டதைச் சொன்னால், சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு பாடமாக இருக்கும் என்கிறான் நண்பன். உன் பெயரையே போடலாம் என்கிறான். தாயும் மற்றக் குட்டியும் எங்கே போயின? இடத்தை எழுத மாட்டேன், சத்தியம். ஆறு மார்ச்சில் எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது முன்போல எழுது. உன் கடிதம் வராவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

உன் தம்பி,
ரோலண்ட்


கார்ஸ்கில்,
12 மார்ச் 1995

அன்புள்ள ரோலண்ட்,

நான் நலம். நீயும் பாலினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஓடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்ஜரி தார்ன்பர்